முதல் பத்துப் பெட்டிகளை யார் வாங்குவது?

நம்மிடையே ஒரு பேச்சு வெகு காலமாக நடமாடி வருகிறது. எந்தப் புது யந்திரத்தைக் கண்டாலும், "இதெல்லாம் நம்மாள் என்றைக்கோ கண்டுபிடித்ததுதான்; வெள்ளைக்காரன் கொண்டுபோய்க் காசாக்கிவிட்டான்" என்று சொல்லி ஒரு பெருமூச்சு விடுவது. கடையநல்லூர் டீக்கடை பெஞ்சிலும் இதைக் கேட்கலாம். சென்னையில் சங்கீத சபா வாசலிலும் கேட்கலாம். கடையநல்லூரில் கடைசியில் ஒரு "வே" சேர்த்துச் சொல்லுவார்கள். சபா வாசலில் நாலு இங்கிலீஷ் வார்த்தை கலந்து சொல்லுவார்கள். சரக்கு என்னவோ ஒன்றுதான்.

இதற்கு ஓர் எதிர்க்கட்சியும் உண்டு. "நமக்கு எங்கே சார் அந்த மூளை? அவன் செய்வான், நாம் வாங்கி வைத்துக் கொள்ளலாம்" என்று சொல்லி அவர்களும் ஒரு பெருமூச்சு விடுவார்கள். பெருமூச்சு விடுவதில் மட்டும் நமக்குள் கட்சி பேதமே கிடையாது.

இரண்டு கட்சியும் தவறு என்பது என் கட்சி. ஒரு கண்டுபிடிப்பு ஒரு தேசத்தில் தொழிலாக வளர்வதும், இன்னொரு தேசத்தில் பத்திரிகைச் செய்தியோடு முடிந்து போவதும், கண்டுபிடித்தவனின் மூளையைப் பொறுத்த விஷயம் அல்ல. அவனுக்கு அடுத்தபடியாக வரவேண்டிய மனிதனைப் பொறுத்த விஷயம். முதல் பத்துப் பெட்டிகளுக்குத் துணிந்து ஆர்டர் கொடுக்கும் மனிதனைச் சொல்கிறேன். அவன் வந்த தேசம் பிழைத்தது. அவன் வராத தேசம் பெருமூச்சு விட்டது. இதற்கு டெலிவிஷனின் கதையை விட நல்ல சாட்சி கிடையாது.

டெலிவிஷன் என்பது என்ன வித்தை என்று கடையநல்லூர் நெசவாளிக்கு விளக்க அதிக நேரம் ஆகாது. தறியில் துணி எப்படி உருவாகிறது? நாடா குறுக்கே ஓடுகிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஓர் ஊடை இழை விழுகிறது. இழை மேல் இழையாக விழுந்து கட்டமும் கரையும் கண்ணுக்குத் தெரிகின்றன. டெலிவிஷன் படமும் அப்படித்தான். ஒரே மூச்சில் முழுப்படம் வந்துவிடுவதில்லை. வெளிச்சத்தின் நாடா குறுக்கும் மறுக்குமாக ஓடி, வரி வரியாக நெய்து முடிக்கிறது. இழை நெருக்கமாக இருந்தால் துணி நயமாக இருப்பதுபோல, வரி அதிகமாக இருந்தால் படம் தெளிவாக இருக்கும். ஸ்காட்லாந்துக்காரர் ஜான் லோகி பேர்டின் ஆரம்ப காலப் படத்துக்கு 30 வரிகள். அதை மீன்பிடி வலை என்று சொல்லலாமே தவிர, துணி என்று சொல்ல முடியாது. நம் நாட்டு டெலிவிஷன் எடுத்துக்கொண்டது 625 வரிகள். அமெரிக்காவில் பைலோ பார்ன்ஸ்வொர்த் என்ற சிறுவனுக்கு, கலப்பை ஓட்டிய வயலில் சால் சாலாக மண் கிடப்பதைப் பார்த்துத்தான் இந்த யோசனை தோன்றியது என்று சொல்வார்கள். அந்தப் பையன் மட்டும் நம் பக்கத்தில் பிறந்திருந்தால், தறியைப் பார்த்தே தோன்றியிருக்கும்.

சரி, தோன்றியிருக்கட்டும். பிறகு?

அந்தப் "பிறகு"தான் விஷயம். பார்ன்ஸ்வொர்த் பட்டம் பெற்றவர் அல்ல; பணக்காரரும் அல்ல. 1926-ல், இருபது வயதில், சான்பிரான்சிஸ்கோ பாங்குக்காரர்களிடம் போய் உட்கார்ந்தார். அவர்கள் அந்தப் பையனை நம்பி 25,000 டாலர் கொடுத்தார்கள். மறு வருஷம் செப்டம்பர் 7-ம் தேதி அவருடைய கருவியில் ஒரு கோடு தெரிந்தது. ஒரே ஒரு கோடு! நம் ஊர் பாங்கு மானேஜர் ஒருவரிடம் போய், "ஐயா, தாங்கள் கொடுத்த பணத்துக்குக் கண்ணாடியில் ஒரு கோடு தெரிகிறது" என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகத்தில் எத்தனை கோடு தெரியும் என்பதை எண்ணிக் கொள்ளலாம்.

அமெரிக்கா தர்மிஷ்டர்களின் தேசம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆர்.சி.ஏ. என்ற பெரிய கம்பெனியும் அதன் தலைவர் டேவிட் சார்னாபும் பார்ன்ஸ்வொர்த்தைப் பல வருஷம் கோர்ட்டிலும் வெளியிலும் அலைக்கழித்தார்கள். கடைசியில் 1939-ல் பத்து லட்சம் டாலர் கொடுத்து அவருடைய உரிமைகளுக்கு லைசென்ஸ் வாங்க வேண்டியதாயிற்று. 1941 ஜூலை முதல் தேதி அங்கே வர்த்தக டெலிவிஷனுக்கு அனுமதி கிடைத்தது. நடுவில் யுத்தம் வந்து நிறுத்தியும், 1955-க்குள் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் பெட்டி வந்துவிட்டது. அங்கே டெலிவிஷனை வளர்த்தவர்கள் பெட்டி விற்க வேண்டிய கம்பெனிக்காரனும், சோப்பு விற்க வேண்டிய விளம்பரக்காரனும். பார்ன்ஸ்வொர்த் பெரிய தனவந்தராகவில்லை. ஆனால் அவர் கண்டுபிடித்த வித்தை அனாதையாகவும் இல்லை.

இங்கிலாந்தின் கதை வேறு மாதிரி. பேர்ட் 1926 ஜனவரி 26-ம் தேதி லண்டன் சோஹோ பகுதியில் ஒரு மாடி அறையில் தம் கருவியை விஞ்ஞானிகளுக்குக் காட்டினார். பத்து வருஷம் கழித்து, 1936 நவம்பர் 2-ம் தேதி, பி.பி.சி. டெலிவிஷனை ஆரம்பித்தது. அப்போது அவர்கள் செய்த காரியத்தை நாம் கவனிக்க வேண்டும். பேர்டின் 240 வரி முறையையும், மார்க்கோனி–ஈ.எம்.ஐ. கம்பெனியின் 405 வரி முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். சில மாதங்களிலேயே பேர்டின் முறை தோற்றது. 1937-ல் அதைக் கைவிட்டார்கள். கண்டுபிடித்தவன் நம்மவன் ஆயிற்றே என்று கண்ணீர் விடவில்லை. அதற்காகக் கண்டுபிடிப்பையே கைவிடவும் இல்லை. செலவு எங்கிருந்து வந்தது? வருஷத்துக்கு 10 ஷில்லிங் ரேடியோ லைசென்ஸ் கட்டிய ஜனங்களின் பணத்திலிருந்து. டெலிவிஷனைக் கண்ணாலும் பார்த்திராத வடக்கத்தி மில் தொழிலாளியின் ஷில்லிங்கும் அதில் சேர்ந்தது. முதல் ஆர்டரைக் கொடுத்தது ஊர்ப் பொதுப்பணம்.

ஜெர்மனியில் வாங்கியது ஹிட்லரின் சர்க்கார். 1935 மார்ச்சில் பெர்லினில் நிலையம் ஆரம்பமாயிற்று. 1936 ஒலிம்பிக் பந்தயத்தைப் பொது மண்டபங்களில் கூட்டம் கூடிப் பார்த்தது. வீட்டுக்கு வீடு விற்பதற்காக 650 மார்க் விலையில் ஒரு பெட்டியை 1939-ல் தயாரித்தார்கள். சுமார் 50 பெட்டி முடிவதற்குள் யுத்தம் வந்தது. பிரசாரத்துக்காக வாங்கிய கை, பீரங்கி வாங்கப் போய்விட்டது. வாங்குகிறவனின் நோக்கம் கோணலானால் நல்ல யந்திரமும் நடுத்தெருவில் நிற்கும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

இந்த மூன்றும் வெள்ளைக்காரத் தேசங்கள், பணக்காரத் தேசங்கள் என்று நேயர்கள் சொல்லக்கூடும். நம்மைப் போன்ற ஆசியத் தேசத்துக்கே வருவோம்.

ஜப்பானில் ஹமாமட்சு என்ற ஊரில் ஒரு தொழில்நுட்பப் பள்ளி. அங்கே ஆசிரியராக இருந்த தகயானகி கென்ஜிரோ, 1926 டிசம்பர் 25-ம் தேதி, 40 வரிகளில் ஒரே ஓர் எழுத்தைக் குழாய்க் கண்ணாடியில் தெரிய வைத்தார். "இ" என்ற உச்சரிப்புடைய ஜப்பானிய எழுத்து அது. 1950 ஜனவரியில் சென்னை தேனாம்பேட்டையில் ஒரு பொருட்காட்சி நடந்தது. அதில் பி. சிவகுமாரன் என்ற எலக்ட்ரிகல் என்ஜினீயரிங் மாணவர், எழுத்தை வரி வரியாகப் பிரித்து, குழாய்க் கண்ணாடியில் தெரிய வைத்தார். இந்தியாவில் இப்படி ஒன்று நடப்பது இதுவே முதல் தடவையாக இருக்கலாம் என்று இந்தியன் எக்ஸ்பிரஸ் பத்திரிகையில் செய்தி வந்தது.

அங்கேயும் எழுத்துத்தான் தெரிந்தது. இங்கேயும் எழுத்துத்தான் தெரிந்தது. இருபத்துமூன்று வருஷம் பிந்தி விட்டோம் என்பது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய வித்தியாசம் அதற்கு அப்புறம் இருக்கிறது.

தகயானகியை 1937-ல் ஜப்பான் ஒலிபரப்பு நிறுவனம் அழைத்து வேலை கொடுத்தது. 1940-ல் டோக்கியோவில் நடக்கவிருந்த ஒலிம்பிக் பந்தயத்தை டெலிவிஷனில் காட்ட வேண்டும் என்பது திட்டம். யுத்தத்தில் பந்தயம் நின்றது, தேசம் தோற்றது, நகரங்கள் சாம்பலாயின. யுத்தம் முடிந்த பின் தகயானகி விக்டர் கம்பெனியில் சேர்ந்து அதே வேலையைத் தொடர்ந்தார். ஹயகாவா கம்பெனி, பிற்பாடு ஷார்ப் என்று பெயர் பெற்றதே, அது ஆர்.சி.ஏ.யிடம் கட்டணம் கட்டி லைசென்ஸ் வாங்கி, 1953 ஜனவரியில் 1,75,000 யென் விலையில் பெட்டி விற்றது. பிப்ரவரி முதல் தேதி ஒலிபரப்பு நிறுவனம் டெலிவிஷனை ஆரம்பித்தது. சாதாரண குமாஸ்தா கனவில்கூட வாங்க முடியாத விலை. அதனால் என்ன செய்தார்கள்? அதே வருஷம் ஆகஸ்டில் ஆரம்பித்த தனியார் நிலையம் தெருமுனைகளிலும் ரயிலடிகளிலும் பெட்டிகளை நிறுத்தி வைத்தது. மல்யுத்தம் பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடியது. பார்த்தவன் ஆசைப்பட்டான், ஆசைப்பட்டவன் தவணையில் வாங்கினான், வாங்க வாங்க விலை இறங்கியது. 1959 ஏப்ரலில் இளவரசர் கல்யாணம் நடந்தபோது, அங்கே இருபது லட்சம் பெட்டிகள் இருந்தன.

1959! நேயர்கள் அந்த வருஷத்தை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். அதே வருஷம் செப்டம்பர் 15-ம் தேதிதான் டில்லியில் நம்முடைய டெலிவிஷன் பிறந்தது. யுனெஸ்கோ 20,000 டாலர் உபகாரம் செய்தது. ஹாலந்து தேசத்துப் பிலிப்ஸ் கம்பெனி யந்திரங்களைச் சலுகை விலையில் கொடுத்தது. வாரத்துக்கு இரண்டு நாள் நிகழ்ச்சி. குழந்தைக்கு நல்ல நட்சத்திரம், நல்ல பெயர், எல்லாம் இருந்தன. தாய்ப்பால் மட்டும் இல்லை. தினசரி ஒளிபரப்பு வர 1965 ஆயிற்று. பம்பாய்க்கு 1972. சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15. தேனாம்பேட்டையில் எழுத்துத் தெரிந்த தேதியிலிருந்து சென்னையில் நிலையம் வர இருபத்தைந்து வருஷம்!

இந்தக் கணக்கில் கடையநல்லூருக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. ஆலைத்துணி வந்து கைத்தறியை மிதித்தபோது, இந்த ஊர் நெசவாளிக் குடும்பங்கள் பல, பெண்டு பிள்ளைகளோடு கப்பலேறி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போயின. அங்கே போனவர்கள் 1963-லேயே டெலிவிஷன் பார்த்தார்கள். அந்த வருஷம் பிப்ரவரி 15-ம் தேதி சிங்கப்பூர் நிலையம் ஆரம்பமாயிற்று. மலாய், சீனம், ஆங்கிலம் இவற்றோடு தமிழுக்கும் அதில் இடம் இருந்தது. சென்னைக்காரன் தமிழ் டெலிவிஷன் பார்ப்பதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால், கடையநல்லூர் அத்தா சிங்கப்பூரில் உட்கார்ந்து பார்த்துவிட்டார். அவருடைய தம்பிக்கு, ஊரில், எண்பதுகளில்தான் அந்தப் பாக்கியம் கிடைத்தது. சிங்கப்பூர் டெலிவிஷனைக் கண்டுபிடித்ததா? இல்லை. அதற்கு வேண்டும் என்று தோன்றியது, வாங்கியது, அறுபதுகளிலேயே பெட்டி பூட்டும் தொழிற்சாலையும் வைத்தது. அவ்வளவுதான்.

"சோற்றுக்கே கப்பல் கோதுமையை எதிர்பார்த்த தேசத்துக்கு டெலிவிஷன் ஒரு கேடா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அன்று டெலிவிஷனை விட அணைக்கட்டு பெரிது என்று நினைத்தவர்களை நான் பழிக்கமாட்டேன். ஆனால் டெலிவிஷன் வேண்டாம் என்று நாம் தீர்மானித்துவிடவில்லையே! 1959-ல் வாங்கினோம். வாங்குவது என்று ஆன பிறகு, நம் பையன்கள் கையில் கொடுத்து, "இதைப் போல் பத்துச் செய்து கொண்டு வா, கோணலாக இருந்தாலும் எடுத்துக் கொள்கிறோம்" என்று அன்றே ஏன் சொல்லவில்லை என்பதுதான் என் கேள்வி. அணைக்கட்டுக்கு ஆன செலவில் அது எத்தனை மூட்டை சிமெண்ட்?

சொன்னால் செய்திருப்பார்களா என்ற சந்தேகம் வேண்டாம். ஒரே ஒரு தடவை சொன்னோம், செய்தார்கள். விக்ரம் சாராபாய் என்ற மகானுபாவர், டெலிவிஷன் நகரத்துக்கு ஆடம்பரம் அல்ல, கிராமத்துக்கு அவசியம் என்று வாதாடினார். அவருடைய முயற்சியால் 1969-ல் அமெரிக்காவோடு ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. அதைக் கண்ணால் பார்க்க அவர் இல்லை, 1971-ல் காலமாகிவிட்டார். 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, இரவல் வாங்கிய அமெரிக்கச் செயற்கைக் கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் போயின. அந்தப் பெட்டிகளைச் செய்தது ஐதராபாத்தில் உள்ள நம் சர்க்கார் கம்பெனி. வானத்திலிருந்து வரும் அலையைப் பிடிக்கும் பத்தடிக் குடையை நம் என்ஜினீயர்கள் எதைக் கொண்டு செய்தார்கள் தெரியுமா? கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பி வலையைக் கொண்டு! மூளை இல்லை என்று சொல்லும் கட்சிக்காரர்கள் அந்தக் கோழி வலையை ஒரு தரம் நினைத்துப் பார்க்கட்டும்.

வருஷம் முடிந்தது. அமெரிக்கா தன் கோளை நகர்த்திக் கொண்டது. அத்தனை பெரிய காரியத்தை அதே வேகத்தில் தொடர்ந்து வாங்க ஆளில்லை. ஆர்டர் இருந்தவரை கோழி வலையும் விஞ்ஞானமாக இருந்தது. ஆர்டர் நின்றதும் விஞ்ஞானமும் கோழி வலை ஆயிற்று.

இடையே நல்ல காலம் ஒன்றும் வந்தது. அதையும் சொல்ல வேண்டும். பிலானி ஆராய்ச்சிக் கூடம் கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கான வித்தையைச் செய்து கொடுத்தது. நிலையங்கள் திறக்கத் திறக்கச் சிறு கம்பெனிகள் முளைத்தன. சென்னையில் டயனோரா, சாலிடேர் என்ற பெயர்கள் வீட்டுப் பெயர்கள் ஆயின. 1982-ல் ஆசிய விளையாட்டுப் பந்தயத்தை ஒட்டி வண்ணம் வந்தது. அப்போது அவசரம், பந்தயம் நம் சௌகரியத்துக்குக் காத்திராது. வெளிநாட்டுப் பெட்டிக்கும் பாகங்களுக்கும் கதவு திறந்தது. அந்த வருஷமே பிப்ரவரியில் ஜப்பானியரின் உதவியோடு இலங்கையில் ரூபவாஹினி நிலையம் தொடங்கியது. தென்பாண்டிக் கடற்கரை ஊர்களில் உயரமான கம்பம் நட்டு அதைப் பிடித்துப் பார்த்தார்கள். 1953-ல் லைசென்ஸுக்குக் கட்டணம் கட்டிய ஜப்பான், மூன்று மாமாங்கம்கூட முடியாமல், மற்ற தேசத்துக்கு நிலையம் கட்டிக் கொடுத்தது. நாம் கம்பம் நட்டோம்.

வாங்கும் கை இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. அதற்கும் நம் மாநிலமே சாட்சி. 2006 தேர்தலுக்குப் பின் தமிழ்நாட்டு சர்க்கார் வீட்டுக்கு வீடு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்க ஆரம்பித்தது. ஐந்தாண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கு மேல் பெட்டிகள். பார்ன்ஸ்வொர்த்தும் தகயானகியும் கனவிலும் காணாத ஆர்டர்! இலவசம் கூடாது என்று கூவும் கூட்டத்தில் நான் சேரமாட்டேன். ஏழை வீட்டில் படம் தெரிந்ததில் எனக்குச் சந்தோஷமே. என் வழக்கு வேறு. உலகம் கண்ணாடிக் குழாயை விட்டுத் தட்டைத் திரைக்குப் போய்க் கொண்டிருந்த சமயத்தில், நாம் 14 அங்குலக் குழாய்ப் பெட்டியைக் கோடிக் கணக்கில் வாங்கினோம். டெண்டரில் யார் விலை குறைவு என்று பார்த்தோம். அத்தனை பெரிய ஆர்டரில் நூற்றில் ஒரு பங்கை ஒதுக்கி, "அடுத்த தலைமுறைத் திரையை இங்கேயே செய்து காட்டுகிறவனுக்கு இது" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதைச் சொல்ல அரசியல்வாதிக்குத் தோன்றவில்லை. கேட்க நமக்கும் தோன்றவில்லை. இன்று நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தட்டைத் திரையின் உயிரான கண்ணாடிப் பலகை, பெரும்பாலும் கீழை நாடுகளிலிருந்தே கப்பலில் வருகிறது.

சர்க்காரைத் திட்டிவிட்டு எழுந்து போய்விடலாம் என்று நேயர்கள் நினைக்க வேண்டாம். நம் பங்குக்கு வருவோம். சிங்கப்பூர்ச் சாமான் என்றால் விலை கேட்காமல் வாங்கியது யார்? சென்னையில் செய்த பெட்டியில் ஒரு நாள் படம் உருண்டால், "இந்திய சாமான் இவ்வளவுதான்" என்று தீர்ப்பு எழுதியது யார்? வெளிநாட்டுப் பெட்டியில் அதே படம் உருண்டபோது, "நம் ஊர்க் கரண்டு சரியில்லை" என்று அதற்கு வக்காலத்து வாங்கியது யார்? பக்கத்து வீட்டுப் பையன் ஒரு யந்திரம் செய்தால் அவனுக்கு மாலை போடுகிறோம். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் கேடயம் கொடுக்கிறோம். பத்திரிகையில் படம் போடுகிறோம். அந்த யந்திரத்தில் ஒன்றை விலை கொடுத்து வாங்குகிறோமா? மாலை மறுநாள் வாடிவிடும். வாங்கிய காசு மறு யந்திரம் ஆகும்.

கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு இது நன்றாகத் தெரியும். கையெழுத்துப் பிரதியாகப் பெட்டியில் தூங்கும் நாவல் எத்தனை உயர்ந்ததாக இருந்தாலும் இலக்கியத்தை வளர்க்காது. முதல் நாவலில் நாலு பிழை இருந்தும் காசு கொடுத்து வாங்கிய வாசகன்தான் ஐந்தாவது நாவலை எழுத வைக்கிறான். நெசவாளிக்கும் அதுவே கதி. தறியில் எத்தனை நயமான சேலை கிடந்தாலும், சந்தையில் ஆள் இல்லாவிட்டால் வீட்டில் உலை இல்லை. கடையநல்லூரிலிருந்து கப்பலேறியவர்கள் கைத்திறன் இல்லாததால் போகவில்லை. கைத்திறனை வாங்க ஆள் இல்லாததால் போனார்கள். விஞ்ஞானியின் தறி மட்டும் வேறு விதியின்படி ஓடுமா?

ஆகவே, "நம்மாள் என்றைக்கோ கண்டுபிடித்தான்" என்ற பேச்சை இன்றோடு விட்டுவிடலாம். கண்டுபிடித்தான் என்றால், அவனிடம் வாங்காமல் இருந்தவர்கள் நாம்தானே? அது பெருமைக்குரிய சாட்சியம் அல்ல. நம் மேல் நாமே கொடுக்கும் வாக்குமூலம். "நமக்கு மூளை இல்லை" என்ற பேச்சையும் விட்டுவிடலாம். அது சோம்பேறியின் அடக்கம்.

காரியம் வேண்டும் என்றால் இரண்டு உண்டு. சர்க்கார் எதை வாங்கினாலும், அதில் ஒரு சிறு பங்கை இங்கேயே முதல் தடவை செய்யப்படும் சரக்குக்கு என்று சட்டம் போட்டு ஒதுக்கட்டும். நஷ்டம் வந்தால் பொதுப்பணம் தாங்கட்டும். இங்கிலாந்தில் மில் தொழிலாளியின் ஷில்லிங் தாங்கியதே! நாமும், மாதச் சம்பளக்காரர்கள், வருஷத்துக்கு ஒரு சாமானாவது, நம் ஜில்லாவில் யாரோ ஒரு பையன் முதல் முதலாகச் செய்த சாமானாகப் பார்த்து வாங்குவோம். அது கொஞ்சம் சத்தம் போடும். இரண்டு தரம் ரிப்பேருக்குப் போகும். போகட்டும். மாலைக்குக் கொடுக்கும் பணத்தை முன்பணமாகக் கொடுத்துப் பழகுவோம்.

பத்துப் பேர் வாங்கினால் அவன் பதினொன்றாவது பெட்டியைச் சரியாகச் செய்துவிடுவான்.